செனட்டர் கவிதை வாசிக்கிறார்

சனிக்கிழமை காலை எல்பியோ தெச்செரா தன் மூக்குக்கண்ணாடி மேலேயே உட்கார்ந்துவிட்டான். எல்லாம் அதிலிருந்துதான் தொடங்கியது.

எங்கள் பாசோ ஹோண்டோ வானொலிக்கு எல்பியோதான் ஒரே குரல். காலையில் மரண அறிவிப்பு, மதியம் கால்பந்து, நடுவில் காணாமல் போன நாய்கள் எல்லாம் அவன் பொறுப்பு. அக்டோபரில் வசந்த வாரம் வந்தால் ஊர் நிகழ்ச்சிகளையும் அவனே வாசிப்பான். அந்த வருஷம் உருகுவே முழுக்கக் கொட்டித் தீர்த்த மழையில் எங்கள் கண்காட்சித் திடலில் வாத்து நீந்தியது. காளை ஏலத்தை எங்கே வைப்பது என்று விழாக்குழுவுக்கே தெரியவில்லை. "ரேடியோல சொல்றோம், கேட்டுக்கங்க" என்று கையை உதறிவிட்டார்கள்.

கடைசியில் பழைய ரயில் கொட்டகை என்று முடிவானது. அதே சனிக்கிழமை, அதே மாலை, நகர நூலகத்தில் ஸுல்மா பென்தாங்கோரின் கவிதை வாசிப்பு. நூலகத்தைத் திறந்து மூடுகிறவள் நான். ஸுல்மா அக்கா தபால் நிலையத்திலிருந்து ஓய்வு பெற்றவர். முத்திரை குத்திக்கொண்டே எழுதிய கவிதைகள் அப்போதுதான் முதல் புத்தகமாக வந்திருந்தன.

மதியம் நாங்கள் நாற்காலிகளை வரிசையாகப் போட்டுக்கொண்டே வானொலி கேட்டோம். எல்பியோ தொண்டையைச் செருமினான். கண்ணாடி இல்லை என்று ஒப்புக்கொள்கிற ஆள் அவன் இல்லை.

"இன்று மாலை, நகர நூலகத்தில்," என்று கம்பீரமாக ஆரம்பித்தான், "ஸுல்மா பென்தாங்கோர். ஹெரிஃபோர்டு இனம். எடை தொள்ளாயிரம் கிலோ. அகன்ற நெற்றி, உறுதியான பின்பகுதி, சாந்த குணம். ஏலத்தில் விடப்படும்."

அக்கா கையிலிருந்த நாற்காலி தடாலென்று விழுந்தது.

"அதே நேரம், ரயில் கொட்டகையில், செனட்டர் தன் முதல் தொகுப்பிலிருந்து கவிதைகள் வாசிப்பார். அனைவரும் வருக."

செனட்டர் என்பது ஏலத்துக்கு வரவிருந்த காளையின் பெயர்.

"சாந்த குணமா?" என்றார் அக்கா. "அவன் கையில கிடைக்கட்டும், காட்டறேன் என் சாந்தத்தை! பின்பகுதியைப் பத்தி அவன்கிட்ட எவடி கேட்டா?"

"தொள்ளாயிரம் கிலோவாமே, அக்கா" என்றேன். சிரிப்பை அடக்கி அடக்கி எனக்கு விலா வலித்தது.

"நீயும் சிரிச்சே, உனக்குப் புத்தகம் கிடையாது."

வானொலிக்குப் போன் போட்டோம். யாரும் எடுக்கவில்லை. ஏதோ ஒரு பழைய கால்பந்து ஆட்டத்தின் பதிவை ஓடவிட்டுவிட்டு, எல்பியோ கண்ணாடிக் கடைக்குப் போயிருந்தான்.

மாலை வந்தது. அக்காவின் கவிதை வட்டத்தில் ஒருத்தரைக்கூடக் காணோம். பதிலாக, பண்ணைக்காரர்கள் வந்தார்கள். சேற்றுப் பூட்ஸ், ஈரத் தொப்பி, கக்கத்தில் வெந்நீர்க் குடுவை, கையில் மாத்தே என்ற இலைத்தேநீர்க் குவளை. நாற்காலிகள் நிறைந்து, குழந்தைகள் பகுதியின் குட்டி முக்காலிகளிலும் ஆட்கள் முழங்கால் காதில் இடிக்க உட்கார்ந்தார்கள். ஏலக்காரர் ஒரோஸ்மான் சுத்தியலோடு வந்து நேராக மேடை ஓரத்தில் நின்றார்.

"காளை எங்கம்மா?" என்றார்.

"அண்ணே, ஏலம் இங்க இல்ல, அது வந்து..." என்று நான் ஆரம்பித்தேன். அக்கா என் காலை மிதித்தார். அவர் கண் அந்தக் கூட்டத்தின் மேலேயே இருந்தது. இதுவரை அவர் வாசித்ததைக் கேட்டவர்கள் எல்லாரும் ஒரே சோபாவில் அடங்குவார்கள்.

"காளை வந்துட்டிருக்கு," என்றார் அக்கா, குரல் நடுங்காமல். "வழியெல்லாம் சேறு. அதுவரைக்கும் சூடா ஏதாச்சும் சாப்பிடுங்க. நான் ரெண்டு வார்த்தை சொல்றேன்."

மழைநாளுக்கென்று நான் சுட்டு வைத்திருந்த தோர்த்தா ஃப்ரீத்தாவைச் சுற்றுக்கு விட்டேன். வாயில் பொரித்த மாவு இருக்கும்போது யாரும் எழுந்து போக மாட்டார்கள்.

முதல் கவிதை தூறலைப் பற்றியது. ஒருவர் கொட்டாவி விட்டார். இரண்டாவது, அக்கா சின்ன வயதில் பார்த்த ஒரு கன்றின் பிறப்பு. 'முதலில் அதன் தலை எட்டிப் பார்த்தது, உலகம் வேண்டுமா என்று' என வாசித்ததும் பண்ணைக்காரர் ஹிப்பாலிட்டோ லரோசா கையை உயர்த்தினார்.

"குறுக்க பேசறதுக்கு மன்னிக்கணும்மா. தலை மட்டும் முன்னாடி வந்தா கன்னு சிக்கிக்கும். முன்னங்கால் ரெண்டும் சேர்ந்து வரணும்."

"இது உவமைங்க."

"உவமையா இருந்தாலும் சிக்கிக்கும்மா."

"விடு மாமா," என்றார் பக்கத்திலிருந்த அவர் மச்சான் குமர்சிந்தோ. "அவங்க கன்னு, எப்படி வேணா பொறக்கட்டும். நீங்க படிங்கம்மா."

அக்கா படித்தார். கன்று எழுந்து நின்று, விழுந்து, மறுபடி எழுந்து, தாயை விட்டுவிட்டு வேலிக்கம்பத்தில் போய்ப் பால் தேடியது. கூட்டம் வெடித்துச் சிரித்தது. பிறகு தாய் அதை மூக்கால் தள்ளித் திருப்பிய இடத்தில் மாத்தே உறிஞ்சுகிற ஒலிகூட நின்றுவிட்டது.

கவிதை முடிந்தது. ஒரோஸ்மானுக்கு ஏதாவது முடிந்தால் சுத்தியலைத் தூக்கித்தான் பழக்கம். தூக்கிவிட்டார். தூக்கினால் வாயும் தானாகத் திறக்கும். "இந்தக் கன்னுக்கு, சேச்சே, கவிதைக்கு, யார் கேக்கறீங்க?"

"ஒரு செம்மறிக்குட்டி!" என்றார் லரோசா.

"ரெண்டு!" என்றார் குமர்சிந்தோ.

"ரெண்டும் ஒரு வண்டி விறகும்!"

"என்ன வாங்கறோம்னு தெரிஞ்சுதான் ஏத்தறியா, மாமா?"

"நீ கேக்கறியே, அது போதும். அதுக்குமேல தெரிஞ்சு என்ன ஆகப்போவுது?"

சுத்தியல் இறங்கியது. கன்றுக்குட்டிக் கவிதை லரோசாவுக்கு. வெறிபிடித்த குமர்சிந்தோ தூறலை எடுத்தார், மூன்று கோழிக்கு. தபால் நிலையத்தில் காதல் கடிதம் பிரித்துப் படித்ததைப் பற்றிய கவிதைக்குப் பெரும் போட்டி. அதிலிருப்பது யாருடைய கடிதம் என்று அக்கா சொல்ல மறுத்ததும் விலை இன்னும் ஏறியது.

ரயில் கொட்டகையில் நடந்ததை மறுநாள்தான் கேள்விப்பட்டேன். செனட்டர் வருகிறார் என்றதும் மேயர் விழாப்பட்டை கட்டிக்கொண்டு, பள்ளி வாத்தியக் குழுவோடு காத்திருந்தார். வண்டிக் கதவு திறந்ததும் தேசிய கீதம் வாசிக்க வேண்டும் என்பது உத்தரவு. வந்த லாரியின் கதவு திறந்தது, கீதம் தொடங்கியது, காளை இறங்கியது. கீதத்தைப் பாதியில் நிறுத்த எவருக்குத் துணிவு வரும்? எல்லாரும் தொப்பியைக் கழற்றி விறைப்பாக நின்றார்கள். எங்கள் நாட்டுக் கீதமோ லேசில் முடிகிற ரகமில்லை. காளையும் அசையாமல் நின்று, முடிந்தபின் மேயர் நீட்டிய செய்போ மலர் வளையத்தைத் தின்றது. காளைக்காரர், இது அரசாங்கத்தின் புது நடைமுறை போலிருக்கிறது என்று நினைத்துக் கைகுலுக்கினாராம்.

வந்தது வந்துவிட்டோம் என்று, வானொலியை நம்பி அங்கே போயிருந்த கவிதை வட்டத்துப் பெண்கள் காளை முன்னால் ஆளுக்கு இரண்டு கவிதை வாசித்தார்கள். "பாதியில எழுந்து போகாத முதல் ஆளு இவர்தான்" என்று வட்டத்தின் தலைவி லீலியான் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

காளை விலைபோகாமல் வீடு திரும்பியது. நூலகத்தின் பின்கட்டில் ஆடும் கோழியும் அடைந்துவிட்டன. கழுவுகிறவள் நான்தான்.

வியாழக்கிழமை லரோசா மனைவியைக் கூட்டிக்கொண்டு வந்தார். அக்காவைத் தேடிப் பிடித்து, "என்னோடதைக் கொஞ்சம் வாசிங்கம்மா" என்று உட்கார்ந்தார். அக்கா மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு வாசித்தார். மனைவி கடைசிவரை கேட்டாள். முடிந்ததும் கணவனைத் திரும்பிப் பார்த்து, "ஏங்க, கன்னு சிக்கிக்காதா?" என்றாள்.

"உவமைடி அது," என்றார் லரோசா, தொப்பியைச் சரிசெய்தபடி. "உனக்குப் புரியாது."