மேல் வீட்டு இருபத்து நாலு, கீழ் வீட்டுப் பன்னிரண்டு

மழை பிடித்த நான்காம் நாள் காலை, அக்கா இன்குபேட்டர் கதவில் பதித்திருந்த சிறு கண்ணாடி வழியாக உள்ளே பார்த்தாள். இருநூற்று நாற்பது முட்டைகள். இன்று பத்தொன்பதாம் நாள். இன்னும் இரண்டு நாளில் ஓட்டை உடைத்துக்கொண்டு வெளியே வரவேண்டிய குஞ்சுகள். பழைய ஃப்ரிட்ஜ் ஒன்றின் வயிற்றைக் காலி செய்து, ஹீட்டரும் குட்டி விசிறியும் வைத்து அவளே செய்த பெட்டி அது. பன்னிரண்டு வோல்ட்டில் ஓடும்.

அந்தப் பன்னிரண்டு வோல்ட்டுக்குத்தான் இப்போது ஆபத்து. தெருமுனை டிரான்ஸ்ஃபார்மர் முதல் நாள் மழையிலேயே வெடித்துவிட்டது. மொட்டை மாடி சோலார் பேனல்கள் நனைந்துகொண்டு சும்மா கிடந்தன. வீட்டின் முன்னறையில் சலூன் நடத்தும் அவள் கணவர் பேட்டரிக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து, மீட்டரைப் பார்த்துப் பார்த்து உச்சுக் கொட்டினார். சாயங்காலம் வரை தாங்கினால் பெரிது.

மேல் வீட்டில் கதை தலைகீழ். அங்கே அக்காவின் தங்கையும் அவள் கணவரும் இருந்தார்கள். அவர் ஒரு பெரிய கிடங்கில், சுமை தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டிகளின் மெக்கானிக். கிடங்கில் கழித்துப்போட்ட இருபத்து நாலு வோல்ட் பேட்டரியை, இரும்புப் பெட்டியோடு அப்படியே, பாரம் தூக்கும் செயின் பிளாக் கட்டி மாடிக்கு ஏற்றி வைத்திருந்தார். அதில் நிறைய சார்ஜ் இருந்தது. ஆனால் அவருடைய இன்வெர்ட்டர் பழுதாகிக் கடைக்குப் போய்ப் பத்து நாளாகிறது. நிறைந்த பேட்டரியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மெழுகுவர்த்தியில் சாப்பிட்டார்கள்.

மேலே கேட்டால் தீர்ந்தது. ஆனால் சகலைகள் இருவரும் பேசிக்கொண்டு இரண்டு மாதமாகிறது. பேனல் வாங்கும்போது ஒன்றாகச் சேர்ந்து போடலாம் என்றுதான் ஆரம்பித்தார்கள். பன்னிரண்டா, இருபத்து நாலா என்று பேச்சு வந்தது. கத்தரிக்கோல் பிடிக்கிறவருக்கு வோல்ட்டைப் பற்றி என்ன தெரியும் என்று சின்னவர் வாயை விட்டார். கிடங்குச் சாமானை வீட்டில் வைத்தால் ஒருநாள் அது வீட்டையே தூக்கிக்கொண்டு போய்விடும் என்று பெரியவர் திருப்பிக் கொடுத்தார். அன்றிலிருந்து படிக்கட்டில் எதிரெதிரே வந்தால்கூட இருவரும் சுவரைப் பார்த்துக்கொண்டு நடந்தார்கள்.

அக்கா கணவரிடம் எதுவும் சொல்லவில்லை. புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு நேரே மேலே போனாள்.

மெக்கானிக் அவளை உட்காரச் சொல்லிவிட்டு, விஷயத்தைக் கேட்டதும் தலையைச் சொறிந்தார். கொடுக்க மனசில்லாமல் இல்லை என்றார். ஆனால் இருபத்து நாலைக் கொண்டுபோய்ப் பன்னிரண்டில் நேராகச் செருகினால் கீழே உள்ள பேட்டரி வெந்துபோகும். நடுவில் வோல்ட்டை இறக்கிக் கொடுக்கும் கன்வெர்ட்டர் ஒன்று வேண்டும். இந்த மழையில் எந்தக் கடை திறந்திருக்கிறது?

அக்கா விடவில்லை.

"தம்பி, எங்க பேனல் எத்தனை வோல்ட் அனுப்புது?"

"நல்ல வெயில்ல நாப்பது வரும், அண்ணி."

"அந்த நாப்பதை வாங்கிப் பன்னெண்டுக்கு ஏத்த மாதிரி இறக்கிக் கொடுக்கத்தானே சுவத்துல அந்த சார்ஜ் கண்ட்ரோலர் இருக்கு? அதுக்கு உங்க இருபத்தி நாலைக் கொடுத்தா என்ன, வாந்தியா எடுக்கும்?"

தங்கைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடுப்படிப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"வாந்தி எடுக்காது," என்றார் மெக்கானிக். "ஆனா நிறுத்தவும் செய்யாது. அதுக்குத் தெரிஞ்சது சூரியன் ஒண்ணுதான். சூரியன் தீந்துபோகுமேன்னு அது எதுக்குக் கவலைப்படப்போகுது? என் பேட்டரியைக் கடைசிச் சொட்டு வரைக்கும் உறிஞ்சிடும்."

"அப்ப யாராவது பக்கத்துல உக்காந்து பாத்துக்கணும். அவ்வளவுதானே?"

அவ்வளவுதான் என்று அவர் ஒப்புக்கொண்டார். அடுத்த கால் மணி நேரத்தில் பரணிலிருந்து பெருவிரல் தடிமன் கேபிள் இறங்கியது. எங்காவது உராய்ந்து ஒட்டிக்கொண்டால் வீடு எரியாமலிருக்க, பேட்டரி வாயிலேயே ஒரு ஃப்யூஸ் போட்டார். கேபிளைப் படிக்கட்டு வழியாகக் கீழே விட்டார். கண்ட்ரோலரின் தாங்குதிறன் என்ன என்று தங்கை ஓடிப்போய் அதன் பக்கவாட்டில் அச்சடித்திருந்ததைப் படித்துவந்தாள். எவ்வளவு கொடுத்தாலும் இருபது ஆம்பியருக்கு மேல் அது பேட்டரிக்குள் தள்ளாது. மெக்கானிக்கின் முகம் தெளிந்தது.

கீழே சலூன்காரர், குஞ்சுகளுக்காகச் சம்மதித்து, மனைவி சொன்னபடியே ஒவ்வொன்றாகச் செய்தார். தன் பேட்டரியைக் கண்ட்ரோலரிலிருந்து கழற்றவில்லை. பேனலிலிருந்து வரும் இரண்டு ஒயர்களை மட்டும் எடுத்துவிட்டு, அந்த இடத்தில் மேல் வீட்டுக் கேபிளைப் பொருத்தினார். பிளஸ், மைனஸை மூன்று தடவை சரிபார்த்தார். பிறகு மேலே ஃப்யூஸைச் செருகினார்கள். கொட்டும் மழையில், கண்ட்ரோலரின் சின்னத் திரையில் ஒரு சூரியன் படம் எரிந்தது. முகத்தில் சவர நுரையோடு நாற்காலியில் காத்திருந்த வாடிக்கையாளர் கைதட்டினார்.

பதிலுக்கு ஏதாவது செய்யவேண்டாமா? கீழ் வீட்டு இன்வெர்ட்டரிலிருந்து ஒரு ஒயரை இழுத்து, தங்கையின் அடுப்படிக்கு ஒரு விளக்கு கொடுத்தாள் அக்கா. நாலு நாளைக்குப் பிறகு தன் சமையலைத் தன் கண்ணால் பார்த்ததாகத் தங்கை சொன்னாள்.

இனி காவல் வேலை. மெக்கானிக் மேலே மீட்டரோடு உட்கார்ந்தார். எண் இருபத்து நாலு புள்ளி இரண்டுக்குக் கீழே போனால் ஃப்யூஸைப் பிடுங்கிவிடவேண்டும். சலூன்காரர் கீழே கண்ட்ரோலருக்குப் பக்கத்தில். இவர் சொல்வதை அக்கா படியேறி அங்கே சொன்னாள்; அவர் சொல்வதைத் தங்கை படியிறங்கி இங்கே சொன்னாள். ஏழெட்டு நடை ஆனதும் இருவருக்கும் முழங்கால் விட்டுப்போயிற்று.

மறுநாள் முற்பகல், இன்குபேட்டருக்குள்ளிருந்து கீச்சென்று ஒரு சத்தம். ஒரு முட்டையில் நட்சத்திரம் போல விரிசல். குறித்த நாளுக்கு ஒரு நாள் முந்திக்கொண்டது அது. அக்காவும் தங்கையும் அங்கே போனவர்கள் போனவர்கள்தான்.

படிக்கட்டு வெறிச்சென்று ஆனது. சலூன்காரர் காத்திருந்து பார்த்தார். தொண்டையைக் கனைத்தார். பிறகு சுவரைப் பார்த்துக்கொண்டே, கொஞ்சம் உரக்க, "இங்க பதிமூணு புள்ளி நாலு," என்றார்.

மேலே நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. பிறகு மெக்கானிக்கின் குரல் வந்தது.

"இங்க இருபத்தி நாலு புள்ளி ஆறு."

அப்படித்தான் இரண்டு மாத மௌனம் உடைந்தது. எண்களுக்கு நடுவே மழை பற்றி ஒரு வார்த்தை, டிரான்ஸ்ஃபார்மர் பற்றி இரண்டு வார்த்தை நுழைந்தன. மதியத்துக்குள் மெக்கானிக் மூன்று படி இறங்கி உட்கார்ந்திருந்தார்; சலூன்காரர் நான்கு படி ஏறியிருந்தார்.

எண் இருபத்து நாலு புள்ளி மூன்றைத் தொட்டபோது, அதைச் சொல்லலாமா வேண்டாமா என்று மெக்கானிக் யோசித்தார். சொல்லிவிட்டு, பரவாயில்லை, குஞ்சு வெளியே வரட்டும், இன்னும் கொஞ்சம் போகட்டும் என்றார்.

சலூன்காரர் எழுந்துபோய்க் கேபிளைத் தானே கழற்றிவிட்டு வந்தார்.

"வேணாம் தம்பி. உன் பேட்டரி கெட்டுப்போனா எனக்கு மனசு கேக்காது. நேத்திலேர்ந்து ஏத்தினது எனக்குப் போதும். சலூன் விசிறியையும் விளக்கையும் அணைச்சிட்டேன். ஜன்னல் வெளிச்சத்துல வெட்டிக்கிறேன்."

"அண்ணே," என்றார் மெக்கானிக். அன்று அவரும் கீழே இறங்கிவந்து, வாடிக்கையாளர் தலைக்கு டார்ச் பிடித்தார். ஒருவருடைய கிருதா கொஞ்சம் கோணலாகப் போனது. அதற்கு யார் காரணம் என்பதில் இருவரும் ஒருவரை ஒருவர் விட்டுக்கொடுக்கவில்லை.

கேபிள் போட்ட மூன்றாம் நாள் கரண்ட் பகல் பன்னிரண்டு மணிக்கு வந்தது. அதற்குள் இருநூற்றுப் பதின்மூன்று குஞ்சுகள் ஓட்டை விட்டு வெளியே வந்திருந்தன. மற்றவை வரவில்லை. அக்கா அதற்காகச் சற்று வருத்தப்பட்டாள். ஆனால் நனைந்த பஞ்சுபோல வெளியே வந்தவை உலர்ந்து உருண்டு திரண்டு, ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கத்தத் தொடங்கியதும் வருத்தப்பட நேரமில்லாமல் போயிற்று.

கேபிளை யாரும் சுருட்டவில்லை. அடுத்த வாரமே மெக்கானிக் ஒரு சின்னக் கருவியை வாங்கிவந்து மாட்டினார். எண் குறைந்தால் அதுவே தொடர்பைத் துண்டித்துவிடும். யாரும் காவல் இருக்கவேண்டியதில்லை. இருந்தாலும் சாயங்காலமானால் இருவரும் நடுப்படியில் வந்து உட்கார்ந்துவிடுகிறார்கள். என்னதான் பேசுவார்களோ தெரியாது. சோறு ஆறிக்கொண்டிருக்கிறது என்று மேலிருந்து ஒருத்தியும் கீழிருந்து ஒருத்தியும் கூப்பிடுகிறார்கள். இரண்டு பேரும் இதோ வருகிறேன் என்கிறார்கள்.