பிரகதாம்பாளின் நான்கு படிகள்

நான்கு பெண்கள் ஆளுக்கொரு மூலையாகச் சேலையைப் பிடித்து வாசலில் மறைப்புக் கட்டினார்கள். உள்ளே பலகைமேல் பிரகதாம்பாளின் உடல். முதல் குடத்தைச் சாய்க்குமுன் அவளுடைய நாத்தனார் ராக்காயி அதட்டினாள்.

"மேல்சீலைய அவுக்காதீங்க. அதோடயே தண்ணிய ஊத்துங்க. புண்ண ஊரே பாக்கணுமா?"

வேப்பமரத்தடியில் ஆண்களோடு நின்ற சேவுகனுக்கு அது கேட்டது. மனைவி அவனிடம் கேட்டு வாங்கிய கடைசி வாக்கு இதுதான்: "என்னக் குளிப்பாட்ட வர்ற பொம்பளைக அத்தனை பேரும் கட்டியத் தொட்டுப் பாக்கணும். நீங்கதான் சொல்லணும்." தலையாட்டிவிட்டான். தலையாட்டுவது சுலபம். ஊர் ஆண்கள் நடுவில் பெண்டாட்டியின் மார்பைப் பற்றிப் பேச வேறு நாக்கு வேண்டும்.

மார்பில் கட்டி வந்த புதிதில் வலிக்கவில்லை. கடைசிப் பிள்ளைக்குப் பால் மறக்கடித்ததில் கட்டிக்கொண்டது என்று இருவருமே நினைத்தார்கள். வலிக்காத கட்டி நல்ல கட்டி என்று மூலிகைப் பற்றுப் போட்டே இரண்டு வருஷத்தை ஓட்டினார்கள். திருச்சி ஆஸ்பத்திரி டாக்டரம்மா புற்றுநோய் என்றாள். திட்டாமல் உட்கார வைத்து விளக்கினாள். ஊர் திரும்பிய மறுநாளே பிரகதாம்பாள் வாத்தியாரம்மா ஆகிவிட்டாள். பார்க்க வந்த எவளும் சாத்துக்குடியை வைத்துவிட்டுத் தப்பிக்க முடியாது.

"மொதப் படியில புளியங்கொட்ட கணக்கா இருக்கும். அமுக்குனா நழுவும், வலிக்காது. அங்கதான் ஏமாந்துருவோம். ரெண்டாம் படியில அக்குள்ல நெறி கட்டும். மூணாம் படியில தோல இழுத்துச் சுருக்கும், கட்டி அசையாது. நாலாம் படியில எலும்பு, ஈரல்னு எறங்கிரும். முன்னக்கூட்டியே போனா அறுத்து எடுத்துக் காப்பாத்தப் பாக்கலாம். நான் நாலுல போனேன்."

கையெழுத்துப் போடத் தெரியாதவள், ஒரு நாளும் படி மாற்றிச் சொன்னதில்லை. ஆரம்பத்தில் சேவுகன் கூசிப்போய் மாட்டுக்கொட்டகைக்கு ஓடினான். பிறகு சுவருக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டான். இப்படியொருத்தி தனக்கு வாய்த்தாளே என்று இருக்கும்.

"அக்கா," என்றான் இப்போது. குரல் நினைத்ததைவிடப் பெரிதாக வந்தது. "அவுக்கச் சொல்லுங்க. மாருல இருக்க கட்டிய எல்லாரும் தொட்டுப் பாக்கணுமாம். அவ சொல்லிட்டுப் போயிருக்கா."

ஆண்கள் தரையைப் பார்த்தார்கள். பங்காளி முத்துராமன் அவன் காதருகே வந்தான். "அண்ணே, வீட்ல பொண்ணு வளருது. நாளைக்கு எவன் கட்டுவான்?"

"அது உசுரோட இருந்தாத்தானப்பா கட்டுவான்."

மறைப்புக்குள் வளையல்கள் குலுங்கின. சேலைக்கு அடியில் தெரிந்த கால்கள் ஒவ்வொரு ஜோடியாக முன்னே நகர்ந்து, நின்று, விலகின.

"கல்லாட்டம் இருக்குடி, அசையவே இல்ல," என்றாள் ஒருத்தி.

"அது மூணுலயே அப்படித்தான். இவ நாலு," என்று இன்னொருத்தி திருத்தினாள்.

சேவுகன் நிமிர்ந்து நின்றான். இழவு வீட்டில் அப்படி நிற்கக் கூடாதுதான். ஆனால் பெருமையாக இருந்தது, மறைத்து என்ன செய்ய?

குளிப்பாட்டி முடிந்ததும் ராக்காயி வெறுங்குடத்தோடு நேரே அவனிடம் வந்தாள். சண்டைக்குத்தான் வருகிறாள் என்று நினைத்தான். அவள் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு பேசினாள்.

"எனக்கும் இருக்கு தம்பி. சித்திரையிலேருந்து. இன்னும் மொதப் படிதான்னு நெனைக்கிறேன்."

சேவுகன் அவள் பக்கம் திரும்பினான். அவளே தொடர்ந்தாள்.

"பதினாறாம் நாள் கழியட்டும். அப்புறம் என்னைய அந்த டாக்டரம்மாட்டக் கூட்டிட்டுப் போ."

"நாளைக்குப் பால் தெளிச்ச கையோட பஸ் ஏறுறோம்க்கா," என்றான்.

"சரி, கெளம்பி நிக்கிறேன்," என்றாள் ராக்காயி. இடுப்பில் இருந்த குடத்தை எடுத்து அவனிடம் நீட்டினாள்.