அக்கா தூக்கிய ஒரு சாண்

அந்தக் கடலோர நகரத்தில் ஏழு மலைகள். ஏழுக்கும் பெயர் உண்டு. முப்பது மீட்டருக்குக் குறைந்தால் அது வெறும் மேடு. வரைபடத்தில் பெயரும் போய்விடும், கல் வெட்டக்கூடாது என்ற தடையும் போய்விடும். எந்தப் புண்ணியவான் எழுதிய சட்டமோ! தடை இருக்கும்போதே திருட்டு லாரிகள் ஆமைமலையின் தலையைச் சீவிக் கொண்டுபோய்விட்டன.

அளக்க வந்த சர்வேயருக்கு வயிறு எரிந்தது. அவருடைய அக்காவின் வீடு அந்தச் சரிவில்தான் இருந்தது. உதவியாள் லீவு போட்டுவிட்டதால், அக்காவே உச்சியில் அளவுகோலைப் பிடிக்க வந்தாள்.

"பார்த்துப் போடுடா தம்பி. எல்லாம் உன் கையிலதான் இருக்கு."

"என் கையில என்னக்கா இருக்கு? கருவி காட்டுறதைத்தான் எழுத முடியும்."

அவர் கீழே இறங்கிப்போய்க் கருவியில் கண்ணை வைத்தார். கோல் நடுங்கியது. அதன் அடி தரையில் இல்லை. அக்கா அதை ஒரு சாண் உயரம் தூக்கிப் பிடித்து, பல்லைக் கடித்துக்கொண்டு, ஒன்றும் தெரியாதவள் போலக் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர் நோட்டை எடுத்தார். அந்த ஒரு சாணையும் சேர்த்தே எழுதினார்.

அப்படியும் மலைக்கு நான்கு மீட்டர் குறைந்தது.