எல்லாக் கட்டத்திலும் இல்லை

கோழி இறைச்சி ஆலையில், உயிர்க்கோழிகளைத் தொங்கவிடும் அறையில் நீல விளக்கு மட்டுமே எரியும். அந்த வெளிச்சத்தில் கோழிக்குக் கண் சரியாகத் தெரியாது, அதனால் பதறாது என்பார்கள். வெர்லினுக்கும் அந்த வெளிச்சம் ஒத்துக்கொண்டது. பெல்ட்டில் வரும் கோழியின் இரண்டு கால்களையும் பிடித்துத் தூக்கி, எதிரே ஓடும் சங்கிலியின் கொக்கியில் மாட்ட வேண்டும். மாட்டிவிட்டுக் கையை எடுப்பதற்குள் அடுத்தது வந்துவிடும். கொஞ்ச நாளாக அவனுடைய வலது கை நடுங்கியது. அன்று காலையில் பல கொக்கிகள் காலியாகப் போயின. காலிக் கொக்கி அடுத்த அறையின் வெளிச்சத்துக்குள் போனால் மேற்பார்வையாளர் கண்ணுக்குத் தப்பாது.

சாப்பாட்டு மணி அடித்ததும் முகமூடியைக் கழற்றியபடியே வண்டி நிறுத்துமிடத்துக்கு ஓடினான். அவனுடைய பழைய பிக்கப் வண்டியில் டெல்மர் உட்கார்ந்திருந்தார். ஈராக்கில் அவனுக்கு சார்ஜென்ட்டாக இருந்தவர். ஓக்லஹோமாவிலிருந்து ஆர்கன்சாவரை, அன்று ஃபோனில் நடக்கும் விசாரணையில் வெர்லினுக்காகச் சாட்சி சொல்லவே வந்திருந்தார். குடல் எடுக்கும் பகுதியிலிருந்து வெர்லினின் மனைவி ரமோனாவும் தலைமுடி வலையைக் கழற்றாமலே வந்து ஏறிக்கொண்டாள்.

"வண்டி நாறுதுடா" என்றார் டெல்மர்.

"வண்டி இல்ல சார்ஜென்ட், நான்தான். ஃபோன்ல நாத்தம் போகாதுல்ல, இன்னிக்கு நமக்கு இருக்கிற ஒரே சாதகம் அதுதான்."

"ஃபோன்ல இந்த மாதிரி ஜோக்கடிச்சு வைக்காத" என்றாள் ரமோனா. "ஏற்கெனவே பைத்தியம்னு எழுதி வெச்சிருக்கான்."

"பைத்தியம்னு எங்க எழுதினான்? ஆளுமைக் கோளாறுன்னு மரியாதையாத்தான் எழுதியிருக்கான்."

ராணுவத்திலிருந்து விடுவித்தபோது கொடுத்த தாளில் அப்படித்தான் இருந்தது. ஈராக்கிலிருந்து திரும்பி, முகாமில் யாரோ கதவை அறைந்து சாத்தியதற்கு வெர்லின் கட்டிலுக்கடியில் புகுந்துகொண்டான். வெளியே இழுத்தவர் பல் உடைந்தது. முகாம் மருத்துவர் அரை மணி நேரம் பேசிவிட்டு, இது ராணுவத்தில் சேரும் முன்பே இருந்த கோளாறு என்று எழுதினார். சண்டையில் வந்த மனக்காயம் என்று எழுதியிருந்தால் ஓய்வூதியம் உண்டு, வைத்தியம் உண்டு. பிறவிக் கோளாறுக்கு ஒன்றும் கிடையாது. அந்த வரியைத் திருத்தச் சொல்லித்தான் மனு. திருத்திவிட்டால் இந்தக் கையை வைத்துக்கொண்டு கொக்கியோடு மல்லுக்கட்ட வேண்டியதில்லை.

"எங்கம்மா பத்தொன்பது வருஷம் வளர்த்தா, கண்டுபிடிக்கல" என்றான் வெர்லின். "ராணுவத்துல சேர்க்கறப்ப சோதிச்ச டாக்டர் பல்லு, காது, குசுவரைக்கும் பாத்தாரு, அவரும் கண்டுபிடிக்கல."

கைபேசி அடித்தது. ரமோனா அதை ஒலிபெருக்கியில் போட்டு வண்டியின் முகப்பில் வைத்தாள். ராணுவப் பதிவுத் திருத்த வாரியத்தின் பெண் அதிகாரி பெயர்களைச் சரிபார்த்தார். குரல் கனிவாகத்தான் இருந்தது.

"மிஸ்டர் வெர்லின் ஸ்ட்ரௌட், ஈராக்லேர்ந்து ஊருக்குத் திரும்பற வழியில குவைத்ல ஒரு உடல்நலப் படிவம் நிரப்பியிருக்கீங்க. குண்டு வெடிச்ச இடத்துக்குப் பக்கத்துல இருந்தீங்களா? இல்லைன்னு குறிச்சிருக்கீங்க. கெட்ட கனவு? இல்லை. தலைவலி? இல்லை. யாராவது சாகறதைப் பாத்தீங்களா? இல்லை. இது உங்க கையெழுத்துதானே?"

"ஆமா, மேடம்."

"இப்ப மனுவில எல்லாமே இருந்துச்சுன்னு சொல்றீங்க."

வெர்லின் வாயைத் திறந்தான். அதற்குள் டெல்மர் கைபேசியை எடுத்து வாயருகே வைத்துக்கொண்டார்.

"மேடம், அதை நான்தான் போடச் சொன்னேன். கூடாரத்துல பெஞ்சு மேல ஏறி நின்னு சொன்னேன். ஒரு கட்டத்துல 'ஆமா'ன்னு போட்டாலும் டாக்டருக்காக இங்கயே கிடக்கணும், எல்லாத்திலும் 'இல்லை'ன்னு போட்டவன் விமானம் ஏறலாம்னு. எல்லா சார்ஜென்ட்டும் அதைத்தான் சொல்வாங்க. எனக்கு என் சார்ஜென்ட் சொன்னாரு."

"நீங்களும் அப்படித்தான் போட்டீங்களா?"

டெல்மர் ஒரு கணம் வெர்லினைப் பார்த்தார். அவருக்கு வந்துகொண்டிருந்த முழு ஓய்வூதியத்துக்கே இந்தப் பதில் வினையாகலாம்.

"போட்டேன், மேடம். எங்களுக்கு முன்னால போன வண்டி வெடிச்சுது. அதுலேர்ந்து ரெண்டு பேரை வெளிய இழுத்தது இவன்தான். கதவு பழுக்கக் காஞ்சிருந்துச்சு, கையுறை உருகி இவன் கையோட ஒட்டிக்கிச்சு. அந்தக் கையாலதான் 'இல்லை'ன்னு போட்டான்."

எதிர்முனையில் விசைப்பலகை தட்டும் ஒலி கேட்டது.

"அரசு ஆவணத்துல தெரிஞ்சே பொய் எழுதினார்னு நீங்களே சொல்றீங்க. சரிதானா?"

"பொய்யி இல்ல மேடம். ஊருக்குப் போறது."

"குறிச்சுக்கறேன்" என்றார் அதிகாரி.

ஆலையில் மணி அடித்தது. தாமதமாகப் போனால் வருகைப் பதிவில் புள்ளி விழும். இன்னொரு புள்ளி விழுந்தால் வெர்லினுக்கு வேலை போய்விடும். கணவனும் மனைவியும் இறங்கி ஓடினார்கள். டெல்மர் மட்டும் கைபேசியைப் பிடித்தபடி, கேட்காத கேள்விகளுக்கும் "ஆமா, மேடம்" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

மான் வேட்டைக் காலம் முடியும்போது கடிதம் வந்தது. ரமோனா நின்றுகொண்டே படித்தாள். மனு ஏற்கப்படவில்லை. தன் வசதிக்காக மனுதாரர் பொய்த் தகவல் தருபவர் என்பதை அவருடைய சாட்சியே உறுதிப்படுத்துகிறார். இந்த நடத்தை முன்பு கண்டறியப்பட்ட ஆளுமைக் கோளாறோடு ஒத்துப்போகிறது.

"சார்ஜென்ட் பிரமாதமா சாட்சி சொல்லியிருக்காரு" என்றான் வெர்லின். "என்ன, அவங்க பக்கத்துக்குச் சொல்லிட்டாரு."

ரமோனா கடிதத்தை மடித்து உறைக்குள் வைத்தாள். பீன்ஸ் அடிபிடிக்கும் வாசனை வந்தது. யாரும் அடுப்பை அணைக்கப் போகவில்லை.

அன்று வெர்லின் டெல்மருக்கு ஃபோனில் கடிதத்தைப் படித்துக் காட்டினான். "கெடுத்துட்டேன்டா" என்றார் அவர்.

"அட விடுங்க சார்ஜென்ட். வாழ்க்கையில முதல் தடவையா ராணுவத்துக்கிட்ட உண்மை சொல்லியிருக்கீங்க. பழக்கமில்லாத வேலை, அப்படித்தான் ஆகும்."

அடுத்த வாரம் ஆலையின் சாப்பாட்டறையில் வருடாந்திர உடல்நலத் தாள் கொடுத்தார்கள். கை மரத்துப்போகிறதா, நடுங்குகிறதா, தலைவலி உண்டா, தூக்கம் வருகிறதா. 'ஆமாம்' போட்டவர்கள் சொந்தச் செலவில் மருத்துவர் சான்று வாங்கி வரும்வரை சம்பளமில்லாமல் வீட்டில் இருக்க வேண்டும்.

"சீக்கிரம், லைன் ஓடப்போகுது" என்று மேற்பார்வையாளர் கைதட்டினார். "எல்லாருக்கும் எல்லாம் நல்லாத்தானே இருக்கு?"

வெர்லின் பேனாவை எடுத்தான். முதல் குறி கட்டத்துக்கு வெளியே ஓடியது. தாள்களை வாங்க உட்கார்ந்திருந்த நர்ஸ் நிமிர்வதற்குள், ரமோனா பக்கத்தில் நெருங்கி உட்கார்ந்து, அவன் மணிக்கட்டின்மேல் உள்ளங்கையை வைத்து மேசையோடு அழுத்திப் பிடித்தாள். கை நின்றது. தன் தாளைப் பார்ப்பதுபோல் அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவள் பிடிக்குள்ளேயே விரல்களை மட்டும் அசைத்து, அவன் ஒவ்வொரு கட்டத்திலும் 'இல்லை' என்று குறித்துக்கொண்டு கீழே இறங்கினான்.