வியாழக்கிழமைப் பாட்டு

பட்டாசுக் கம்பெனி வேனில் டிரைவர் வைப்பதுதான் பாட்டு. சிவகாசி, சாத்தூர் பக்கம் ஓடுகிற அத்தனை வேனுக்கும் அதுதான் சட்டம். முத்துப்பாண்டி ஓட்டிய வேனில் மட்டும் அந்தச் சட்டம் செல்லுபடியாகாமல் போனது. ஆசை ஆசையாகப் புது சிடி பிளேயர் மாட்டி, கடைசி சீட்டுக்கு அடியில் இரண்டு பெரிய ஸ்பீக்கரும் வைத்தவர், சிடி வாங்குவதில் மட்டும் கையை இறுக்கிக்கொண்டார். ஒரே ஒரு சிடி. காலையிலும் அதுதான், சாயங்காலமும் அதுதான்.

"அடுத்த பாட்டு எதுன்னு எங்க வீட்டு ஆடு சொல்லும்ணே," என்று பானுப்பிரியா தொடங்கி வைத்த சண்டை நாள் கணக்கில் ஓடியது. கடைசியில் முத்துப்பாண்டி கும்பிடு போட்டு, சீட்டு வரிசைக்கு ஒரு நாள் என்று பங்கு பிரித்துவிட்டார். அவரவர் நாளில் அவரவர் கொண்டுவருகிற சிடி ஓடும். கதவோரத்து முன்சீட்டில் உட்காரும் வேலுத்தாய்க்கு வெள்ளிக்கிழமை. சந்தேகமில்லாமல் அம்மன் பாட்டு. கடைசி சீட்டுக்கு வியாழக்கிழமை. அந்தச் சீட்டில் மூன்று பேர்: பானுப்பிரியா, சோலையம்மாள், மாரிசெல்வி. இதில் மாரிசெல்வி மற்ற இருவரையும் சரிக்கட்டி வியாழக்கிழமையை முழுசாகத் தனக்கே வாங்கிக்கொண்டாள். சோலையம்மாளுக்குத் தன் ஜன்னலோரத்தை விட்டுக்கொடுத்தாள். பானுப்பிரியாவுக்குத் தினமும் தன் டிபன் பாக்ஸிலிருந்து ஓர் உருண்டை பருப்புத் துவையல். வெயிலில் வெந்து போகிற அந்த வழியில் ஜன்னலோரத்தை விடுவது என்றால் சும்மா இல்லை. ஆனால் மாரிசெல்விக்கு அந்தப் பாட்டுகளைக் கேட்க இந்த வேனை விட்டால் வேறு இடம் கிடையாது. வீட்டில் டிவி தம்பியின் கைவசம். கம்பெனி கேட்டுக்குள் ரேடியோ, செல்போன் எதுவும் மூச்சு விடக்கூடாது.

அந்தப் பாட்டுகள் அவளிடம் வந்த விதமே வேடிக்கை. பட்டாசுக் குழாய் சுற்றுவதற்கு அவர்கள் வேலை பார்த்த அச்சங்குளம் கம்பெனிக்குத் தூத்துக்குடித் துறைமுகம் வழியாக வெளிநாட்டுக் கழிவுக் காகிதம் கட்டுக் கட்டாக வரும். விற்காமல் போன பழைய பத்திரிகைகள்தான் முக்கால்வாசி. மருந்து அறைகளுக்கெல்லாம் வெகு தூரத்தில் இருக்கும் பேப்பர் குடோனில் உட்கார்ந்து, பின்னைப் பிடுங்கி, அட்டையைக் கிழித்து, தாளைத் தனியாக அடுக்குவது மாரிசெல்வியின் வேலை. இரண்டாயிரத்து ஏழாம் வருஷத்துக் கோடையில் வந்த லோடில் பாட்டுப் பத்திரிகைகள் நிறைய இருந்தன. ஒவ்வொன்றின் அட்டையிலும் இலவசமாக ஒரு சிடி ஒட்டியிருந்தது.

"அதையும் பிச்சுப் போட்டுரணும். உள்ள ஒண்ணு தப்பிப் போச்சுன்னா கட்டிங் மெஷின் கத்தி பல்லு போயிரும்," என்று எச்சரித்தார் சூப்பர்வைசர் சீனிவாசகம்.

"பிச்சதை நான் எடுத்துக்கிடட்டுமாண்ணே?"

"எடுத்துக்கோ. எதுக்குத்தான் ஆகப்போகுதோ!"

கம்பெனியில் பாதிப் பேர் அதை எடுத்துப் போனார்கள். பப்பாளி மரத்தில் கட்டித் தொங்கவிட்டால் கிளி அண்டாது. சைக்கிள் சக்கரத்தில் செருகினால் பளபளவென்று சுற்றும். அதற்குள் பாட்டு இருக்கும் என்று போட்டுப் பார்த்தவள் மாரிசெல்வி ஒருத்திதான்.

முதல் வியாழக்கிழமை அவள் கொடுத்த சிடியில் ஒரு பொம்பளை பாடினாள். வார்த்தையே இல்லை. கிணற்றுக்குள் எட்டிப் பார்த்துக் கூப்பிடுவது போல ஒரு குரல், அதற்கு அடியிலிருந்து அவளே திருப்பிக் கூப்பிடுவது போல இன்னொரு குரல். வேன் முழுக்கச் சிரித்தது. மாரிசெல்விக்குக் கை முடியெல்லாம் எழுந்து நின்றது. இப்படியும் பாடலாமா என்று நினைத்தாள். இத்தனை வருஷம் இதை யாரும் நம்மிடம் சொல்லவே இல்லையே என்று கோபம்கூட வந்தது.

அதற்கப்புறம் வாரா வாரம் புதுசு புதுசாக வந்தது. எண்ணெய் டின்னையும் இரும்புக் கம்பியையும் போட்டு அடித்துத் தாளம் சேர்க்கிற கூட்டம் ஒன்று. தொண்டைக்குள்ளேயே இரண்டு சுருதி பிடிக்கிற ஒருவன். ஒன்றரை நிமிஷத்துக்குள் கத்தித் தீர்த்து ஓடிவிடும் கிட்டார் பையன்கள். மெஷின் மட்டுமே வாசித்த பாட்டும் உண்டு. அட்டையில் இருந்த இங்கிலீஷ் அவளுக்கு எழுத்துக் கூட்டத்தான் வரும், அர்த்தம் பிடிபடாது. அதனால் அவளே பெயர் வைத்தாள். கிணற்றுக்காரி, தகரக் கச்சேரி, பல்வலிக்காரன், தறி ஓட்டம். பானுப்பிரியாவுக்குத் தகரக் கச்சேரி பிடித்துப்போய், சீட்டுக் கம்பியில் டிபன் மூடியால் கூடவே தட்ட ஆரம்பித்தாள்.

ஒருநாள் சாத்தூர் பஸ் ஸ்டாண்டில் சிடி கடை வைத்திருந்த ஜாபர் சாதிக்கிடம் ஒன்றைக் கொண்டுபோய்க் காட்டி, இந்த மாதிரி இன்னும் கிடைக்குமா என்று கேட்டாள். அவர் போட்டுக் கேட்டுவிட்டுத் தாடியைச் சொறிந்தார்.

"இது எங்கயும் கிடைக்காது தங்கச்சி. பெரிய கம்பெனி போட்டது இல்ல. அவனவன் வீட்டுல உக்காந்து, அவனவன் இஷ்டத்துக்கு அடிக்கிற பாட்டு. அண்டர்கிரவுண்டும்பாக."

"தீப்பெட்டி ஒட்டுறாப்புல வீட்டு வேலையா?"

"அப்படித்தான் வச்சுக்கோயேன்," என்று அவர் சிரித்தார். மாரிசெல்விக்கு அதைக் கேட்டதும் பரம திருப்தி. எங்கோ முகம் தெரியாத சீமையில், தன் ஊர்ப் பெண்களைப் போல வீட்டுத் தரையில் உட்கார்ந்து வேலை பார்க்கிற ஆட்கள் என்றால் சொந்தக்காரர் மாதிரிதானே.

வேலுத்தாய்க்குத்தான் இதெல்லாம் ஆகவே இல்லை. வேனில் மூத்தவள் அவள். மருந்துக் கலவை அறைக்குப் பக்கத்து ஷெட்டில் திரி வைக்கிறவள். அவள் வாயை எதிர்த்து முத்துப்பாண்டியே பேசமாட்டார்.

"நாள் முழுக்க மருந்து வாடையில கெடந்துட்டு வாரோம். ரெண்டு நல்ல பாட்டு கேப்போம்னா, இவ என்னடான்னா கொல்லன் பட்டறையைக் கூட்டியாந்து வேனுக்குள்ள வைக்கா! ஏலே முத்துப்பாண்டி, சொல்லிட்டேன். இந்த வியாழக்கிழமை யாராச்சும் ஒருத்தி முகஞ்சுளிச்சாலும் இவ நாளைப் புடுங்கி நடுச்சீட்டுக்குக் குடுத்துரு."

"சரிக்கா," என்றார் முத்துப்பாண்டி. கண்ணாடியில் மாரிசெல்வியைப் பார்த்து, நான் என்ன செய்ய என்பது போலத் தோளைக் குலுக்கினார்.

மாரிசெல்விக்குச் சோறு இறங்கவில்லை. வியாழக்கிழமை போனால் எல்லாம் போனது. வீட்டில் அடுக்கி வைத்திருக்கும் சிடிகளைப் பப்பாளி மரத்தில்தான் கட்ட வேண்டும். ரொம்ப யோசித்து, எல்லோருக்கும் ஓரளவு பழகிப்போன கிணற்றுக்காரியை எடுத்துக்கொண்டாள். ஆனால் அதே வாரம் பேப்பர் கட்டிலிருந்து பிய்த்த ஒரு சிடி, பின்னால் பசைப் பிசுக்குக்கூடப் போகாமல், அவள் பைக்குள் கிடந்தது. அட்டை முழுக்கச் சாம்பல் நிறம். படம் எதுவும் இல்லை. அதற்குள் என்ன இருக்கும் என்ற நினைப்பே அவளை அரித்தது.

காலையில் கிணற்றுக்காரி பாடினாள். யாரும் முகம் சுளிக்கவில்லை. ஒரு இடத்தில் சோலையம்மாள் தன்னை அறியாமல் கூடவே ராகம் இழுத்தாள். வேலுத்தாய் ஜன்னல் பக்கம் திரும்பி, கேட்காதது போல உட்கார்ந்திருந்தாள். தப்பித்தோம் என்று மாரிசெல்விக்குப் பெருமூச்சு வந்தது.

சும்மா இருந்திருக்கலாம். சாயங்காலம் வேன் கிளம்பி, வெயில் தணிந்து, வேலுத்தாய் கதவுக் கம்பியில் தலை சாய்த்துக் கண்ணை மூடியதும், மாரிசெல்விக்கு ஆசை அடங்கவில்லை. சாம்பல் அட்டை சிடியைக் கைமாற்றிக் கைமாற்றி முன்னால் அனுப்பினாள். முத்துப்பாண்டி போட்டார். ஒன்றும் கேட்கவில்லை.

"அண்ணே, சவுண்டு கூட்டுங்க!"

கூட்டினார். அப்போதும் ஒன்றுமில்லை. இன்னும் கூட்டினார். கடைசி சீட்டுக்கு அடியிலிருந்து மெல்ல ஒரு சத்தம் கிளம்பியது. உஸ்ஸ்ஸ்ஸ்.

வேறு ஊர்க்காரர்கள் என்றால் பிளேயர் கெட்டுப்போச்சு என்று நினைப்பார்கள். அந்த வேனில் இருந்தவர்களுக்கு உஸ் என்ற சத்தத்துக்கு ஒரே அர்த்தம்தான். வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே சொல்லிக்கொடுப்பது: சீறினால் ஓடு. திரும்பிப் பார்க்காதே. பக்கத்தில் இருப்பவளைக் கூப்பிட நிற்காதே. அவளும் ஓடுவாள், நீ ஓடு.

"திரி!" என்று யாரோ அலறினார்கள். முத்துப்பாண்டி பிரேக்கை மிதித்த மிதியில் வேன் ரோட்டைக் குறுக்காக மறித்து நின்றது. டிரைவர் கதவைத் திறந்து முதலில் குதித்ததும் அவர்தான். அதை அவர் அப்புறம் பல வருஷம் ஒத்துக்கொள்ளவில்லை. செருப்பும் டிபன் பாக்ஸும் பறந்தன. சிடியைப் போடச் சொன்னவளாவது, அது நான் கொடுத்த பாட்டு என்று சொல்லியிருக்க வேண்டாமா? அவளுக்கும் தோன்றவில்லை. காலுக்கு அடியில் சீறுகிறது. உடம்பு கட்டை மாதிரி ஆகிவிட்டது. எழுந்திருக்கக்கூட முடியவில்லை. அப்போது யாரோ அவள் மணிக்கட்டைப் பிடித்து வெடுக்கென்று இழுத்தார்கள். சீட்டுகளுக்கு நடுவில் தரதரவென்று இழுபட்டு, படியில் முட்டி இடித்து, ரோட்டோரச் சரிவில் உருண்டு, கரிசல் காட்டுப் பருத்திச் செடிகளுக்குள் போய்க் குப்புற விழுந்தாள். முதுகின் மேல் ஒரு கனம் அழுத்தியது. மேலே படுத்திருந்தது யார் என்று தெரியவில்லை.

எல்லோரும் காதைப் பொத்திக்கொண்டு கிடந்தார்கள். வெடிக்கவில்லை. கதவெல்லாம் திறந்து கிடந்த வேனிலிருந்து அந்தச் சீறல் மட்டும் வந்துகொண்டே இருந்தது. கொஞ்சம் கொஞ்சமாக அது கனத்தது. சொட்டுச் சொட்டாகத் தகரத்தில் விழுகிற சத்தம் கேட்டது. தூரத்தில் இடி உருண்டது. அதற்கும் ஒருமுறை தலையைக் குனிந்துகொண்டார்கள். அப்புறம் அந்தச் சத்தத்துக்கு நடுவிலிருந்து ஏதோ ஒரு குழல் மெதுவாக, அவசரமே இல்லாமல் ஊத ஆரம்பித்தது.

பானுப்பிரியாதான் முதலில் தலையைத் தூக்கினாள்.

"ஏ, மழை!" என்றாள். "மழை பெய்றதைப் புடிச்சு வச்சிருக்கான். மழைக்கா நாம இம்புட்டு ஓட்டம் ஓடுனோம்?"

ஒருத்தி சிரித்தாள். அடுத்தவளுக்குத் தொற்றியது. சோலையம்மாள் அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியாமல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஒற்றைச் செருப்புடன் நின்ற முத்துப்பாண்டி, மற்றொரு செருப்பைக் கையில் வைத்துக்கொண்டே அதைத் தேடினார்.

மாரிசெல்விக்குச் சிரிப்பு வரவில்லை. முதுகிலிருந்த கனம் விலகியது. திரும்பிப் பார்த்தாள். வேலுத்தாய். கொண்டை அவிழ்ந்து, மூச்சு வாங்க, ஒரு கையால் இன்னும் அவள் மணிக்கட்டை விடாமல் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

கதவோரத்தில் இருந்தவள். ஒரே எட்டில் கீழே குதித்திருக்கலாம். எல்லோரும் வெளியே முண்டியடித்து வரும்போது இவள் ஒருத்தி உள்ளே வந்திருக்கிறாள். வேனின் கடைசி வரைக்கும், சீறுகிற இடத்துக்கே வந்திருக்கிறாள்.

"மதினி," என்றாள் மாரிசெல்வி. "என் தப்புதான். இனிமே போடலை. வியாழக்கிழமையை நடுச்சீட்டுக்கே குடுத்துருங்க."

வேலுத்தாய் அவள் கையைத் திருப்பி, உடைந்த வளையல் கீறிய இடத்தைப் பார்த்து, முந்தானையால் ஒற்றினாள்.

"வலிக்குதாட்டி?"

"நீங்க ஏன் மதினி உள்ள வந்தீக? திரும்பிப் பாக்கக் கூடாதுன்னு நீங்கதான எங்களுக்கெல்லாம் சொல்லுவீக."

"நான் எங்க திரும்பிப் பார்த்தேன்?" என்று எரிந்து விழுந்தாள் வேலுத்தாய். "நீ அங்கன ஸ்பீக்கர் மேலயே உக்காந்திருந்த. காலு தானா வந்துருச்சு. அதுக்கு என்னைய என்ன பண்ணச் சொல்ற?"

சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பி வேன் பக்கம் பார்த்தாள். குழல் ஊதிக்கொண்டிருந்தது. மழை விடாமல் பெய்தது. சுற்றிலும் பருத்திக் காடு காய்ந்து வெடித்துக் கிடந்தது. வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை. வேலுத்தாய் கொஞ்ச நேரம் அப்படியே கேட்டாள்.

"ஏலே முத்துப்பாண்டி," என்றாள் கடைசியில். "பைய வண்டியை ஓரங்கட்டு. அந்தப் பாட்டை மொதல்லருந்து போடு. ஓடுன ஓட்டத்துல பாதியைக் கேக்காம விட்டுட்டோம்."

முத்துப்பாண்டி போட்டார். பெண்கள் ரோட்டோரத்தில் வரிசையாகக் காலை நீட்டி உட்கார்ந்தார்கள். இந்த முறை சீறல் வந்தபோது யாரும் அசையவில்லை. வேலுத்தாயின் விரல்கள் மட்டும் மாரிசெல்வியின் மணிக்கட்டில் ஒருமுறை இறுகி, பிறகு தளர்ந்தன.

அத்தனை ஆசைப்பட்டுப் போட்ட பாட்டை மாரிசெல்வி அன்றைக்குச் சரியாகக் கேட்கவே இல்லை. அவள் வேலுத்தாயின் தோளில் சாய்ந்து, தேம்பித் தேம்பி அழுதுகொண்டிருந்தாள். "பேசாம கேளுட்டி," என்று வேலுத்தாய் அவளை அதட்டிக்கொண்டே இருந்தாள்.