இடும்பன் பூஜையன்று

பூஜை முடிந்து இலை போடும் நேரத்தில் ஜீவனுக்கு உடம்பு ஆடத் தொடங்கியது. காவடி இறக்கி மூன்றாம் நாள். மலேசியாவின் காப்பார் ஊரில் இருந்த அவர்கள் வீட்டுக் கூடம் நிறையச் சொந்தபந்தம். தாடை கிடுகிடுத்தது, வெற்று முதுகில் வியர்வை ஆறாக ஓடியது, கால்கள் வெட்டி வெட்டி இழுத்தன. "இடும்பன் வந்துட்டாரு!" என்று அவன் அம்மா மலர் கற்பூரத்தட்டோடு ஓடி வந்தாள். யாரோ உறுமி மேளத்தை எடுத்து அடிக்கத் தொடங்கிவிட்டார்கள். மகளுக்கு எப்போது வரன் அமையும் என்று ஓர் ஆன்டி குறி கேட்கவும் உட்கார்ந்துவிட்டாள்.

அவன் மனைவி ஷாமினி மட்டும் கும்பிடவில்லை. சாமி வந்தால் ஜீவனின் கண்கள் யாரையும் பார்க்காது. இன்றோ அவை பயந்துபோய் அவளைத்தான் தேடின.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய் அவன் காதருகே குனிந்தாள். "என்னங்க, மாத்திரை போட்டீங்களா?"

"விரதத்துல விட்டதையெல்லாம்... சேத்துப் போட்டுட்டேன்லா. சரியாயிரும்னு..."

மனச்சோர்வுக்கு ஒரு வருடமாக மருந்து சாப்பிடுகிறான் என்பது அவளுக்கு மட்டுமே தெரியும். போர்ட் கிள்ளான் துறைமுகத்தில் கண்டெய்னர் லோரி ஓட்டுகிறவன். 'மெண்டல் மருந்து' என்று தெரிந்தால் லோரி சாவி போய்விடும், சொந்தத்தில் மரியாதையும் போய்விடும் என்று பயந்தான். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? யாரிடமும் சொல்வதில்லை என்று தன் தலையில் அவள் கையை வைத்துச் சத்தியம் வாங்கியிருந்தான். விரதத்தில் மருந்து தீட்டு என்று டாக்டரைக் கேட்காமல் நிறுத்தியதும் அவனேதான். சத்தியத்தை மீறினால் அந்தத் தலைக்கு என்ன ஆகுமோ என்று அவள் ஒரு நொடி தயங்கினாள். அந்த ஒரு நொடிக்காகத் தன்னை அவள் ஒருபோதும் மன்னிக்கப்போவதில்லை.

"உறுமிய நிறுத்துங்க! சாமி இல்ல, மாத்திரை!"

"வாய மூடுடி. சாமி குத்தம் ஆயிரும்," என்று மலர் அதட்டினாள்.

"மனசுக்கு மருந்து சாப்புடுறாரு அத்தே. அளவுக்கு மேல போட்டுட்டாரு. இப்பவே தூக்கணும்."

உறுமி நின்றது. குறி கேட்ட ஆன்டி மெல்ல எழுந்து சுவரோரம் போய் நின்றாள். பக்கத்து வீட்டு வாசு காரை எடுத்தான்.

ஆஸ்பத்திரியில் ஜீவனின் நெஞ்சில் ஒயர்களை ஒட்டினார்கள். உடம்பு அனலாய்க் கொதித்தது. கேட்டதற்கு முன்னுக்குப்பின் முரணாக ஏதோ உளறினான். இளம் தமிழ் டாக்டரம்மா வெளியே வந்தாள். "விட்ட மாத்திரைய சேத்துப் போடவே கூடாதுக்கா. ஹார்ட் துடிப்பு சரியா இல்ல, ஃபிட்ஸ் கூட வரலாம். வார்டுல வச்சுப் பாக்கணும்." குரலைத் தாழ்த்தினாள். "தெரியாமத்தானே போட்டாரு? இல்ல, வேணும்னேவா?"

"தெரியாமத்தான்," என்றாள் ஷாமினி. சொல்லி முடித்த பிறகுதான், அது தனக்கே நிச்சயமில்லை என்பது உறைத்தது.

திரைக்குப் பின்னால், போர்வைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த மகனின் பாதத்தை மலர் இரண்டு கைகளாலும் அழுத்திப் பிடித்திருந்தாள். ஆட்டம் நிற்கவில்லை. அது அவள் கைகளில் ஏற, வளையல்கள் விடாமல் குலுங்கிக்கொண்டிருந்தன.