திருநீறு பூசிய மரம்

மார்க்கம் வீதி பிளாசாவின் தரிப்பிடத்தில், அந்தச் சனிக்கிழமையும் தங்கத்துரை ஜாபரின் காரில்தான் ஏறினார். ஏறுவதற்கு முன் நவரட்ணத்தின் பக்கம் ஒரு கையை உயர்த்திக் காட்டினார். தனக்கல்லாத பஸ்ஸை நிறுத்தாமல் போகச் சொல்பவரின் கை போல இருந்தது அது.

நவரட்ணம் தன் காரில் தனியே பின்தொடர்ந்தார். நெடுந்தூரம் நடக்கிறவர்களுக்கு இரண்டு கார்கள் வேண்டும். ஒன்றை நடை முடியும் இடத்தில் விட்டுவிட்டு, மற்றதில் தொடங்கும் இடத்துக்குப் போகவேண்டும். நயாகராவிலிருந்து வடக்கே டோபர்மோரி வரை மலைவிளிம்போடு போகும் புரூஸ் ட்ரெயில் என்ற நடைபாதையை நாலு வருஷமாக அவரும் தங்கத்துரையும் இப்படித்தான் துண்டு துண்டாக நடந்து வந்தார்கள். இந்த வசந்தத்தில் தங்கத்துரையை நீண்ட தூரம் கார் ஓட்டவேண்டாம் என்று டொக்டர் சொன்னார். தங்கத்துரையின் பக்கத்து வீட்டுக்குக் குடிவந்திருந்த ஜாபர், "நான் கூட்டிட்டுப் போறேண்ணே, எனக்கும் நடக்கணும்னு ஆசைதான்" என்றார். நாகூர்க்காரர், ஏதோ கொம்பனியில் கணினி வேலை. போன மாரியில் தங்கத்துரை சுகமில்லாமல் படுத்திருந்தபோது, கேட்காமலே அவர் வாசலின் பனியை அள்ளிவிட்டவர். நல்ல மனுஷன் என்பதில் நவரட்ணத்துக்குச் சந்தேகமே இல்லை. அதுதான் அவருக்குப் பெரிய இடைஞ்சலாக இருந்தது. கெட்டவன் என்றால் வெறுப்பதற்கு ஒரு காரணமாவது கிடைத்திருக்கும்.

நெடுஞ்சாலை முழுக்க, முன்னால் போகும் காரின் பின்கண்ணாடியில் இரண்டு தலைகள் தெரிந்தன. ஒன்று மற்றதன் பக்கம் திரும்பும். பிறகு இரண்டும் குலுங்கும். எதற்குச் சிரிக்கிறார்கள் என்று நவரட்ணம் யோசித்தார். தங்கத்துரையிடம் இருக்கும் பகிடிகள் எல்லாம் அவருக்குத் தெரியும். அதில் எதை இவன் இப்போது புதிதாகக் கேட்டுக்கொண்டிருக்கிறான்?

ஒரேஞ்வில் என்ற ஊரைத் தாண்டிய ஒரு காட்டோரத்தில் நவரட்ணத்தின் காரை விட்டுவிட்டு, மூவரும் ஜாபரின் காரில் நடை தொடங்கும் இடத்துக்குப் போனார்கள். அங்கே காரின் முன்பக்கப் பொனற்றின் மேல் சாப்பாட்டைப் பரப்பினார்கள். நவரட்ணம் விடியவே எழும்பிப் பிட்டு அவித்து, சம்பல் இடித்துக் கொண்டுவந்திருந்தார். ஜாபரின் மனைவி நாகூர்ப் பலகாரமான வாடாவை இறால் வைத்துச் சுட்டுக் கொடுத்திருந்தார். தங்கத்துரையின் கை முதலில் வாடாவுக்குத்தான் போனது. இரண்டாம் தரமும் அங்கேயே போனது.

"நவம், உன்ரை முகம் ஏன் புளிச்ச மோர் மாதிரிக் கிடக்கு?"

"என்ரை முகம் எப்பவும் உப்பிடித்தான்."

"ஜாபர் தம்பி, இவர் காலமை சிரிச்சால் அண்டைக்கு மழை பெய்யும். எங்களை நனைய விடக்கூடாதெண்டுதான் சிரிக்காமல் நிக்கிறார்."

ஜாபர் சிரிக்கவில்லை. பிட்டுப் பொட்டலத்தை அவிழ்த்து ஒரு கவளம் எடுத்து வாயில் போட்டார். "இதை எப்டிண்ணே இவ்ளோ உதிரியா அவிக்கிறீங்க?" என்று கேட்டார். அந்தக் கேள்வியைத் தங்கத்துரை கேட்டிருக்கவேண்டும் என்று நவரட்ணத்துக்குத் தோன்றியது.

"அவிக்கிறதுதான்," என்று சொல்லிவிட்டுப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அவர் முன்னால் நடந்தார்.

அந்தப் பைக்குள் ஒரு சின்ன நீலத் துணிப்பை இருந்தது. அதில் குளுக்கோஸ் வில்லைகள், ஒரு பெட்டி தோடம்பழ யூஸ், கொஞ்ச ரொபி இனிப்பு. முதல் வருஷம் ஒரு ஏற்றத்தில் நீரிழிவுக்காரரான தங்கத்துரை இரத்தத்தில் சீனி இறங்கி, வேர்த்து, பேச்சுக் குழறி விழப்பார்த்தார். அன்றிலிருந்து அந்தப் பையை நவரட்ணம்தான் சுமக்கிறார். தங்கத்துரையிடம் கொடுத்தால் காரிலேயே விட்டுவிட்டு வருவார்.

மேப்பிள் இலைகள் பாதையை முழுதாக மூடியிருந்தன. கால் வைத்தால் அப்பளம் நொறுங்குவது போலச் சத்தம். ஒற்றையடிப் பாதை எங்கே போகிறது என்று நிலத்தைப் பார்த்துச் சொல்லமுடியாது, மரங்களைப் பார்க்கவேண்டும். மரத்தில் உள்ளங்கை உயரத்துக்கு ஒரு வெள்ளைப் பெயின்ற் பட்டை இருந்தால் நேரே போகலாம். ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு இருந்தால் பாதை திரும்புகிறது என்று அர்த்தம்.

வழி இரண்டாகப் பிரிகிற ஓரிடத்தில் முதல் வெயில் விழுந்திருந்தது. நவரட்ணம் வழமையாக நடக்கத் தொடங்கும்போதே கும்பிட்டுவிடுவார். அன்று இருந்த மனதில் அதுவும் தவறிப்போயிருந்தது. நின்று, செருப்பைக் கழற்றுவது போலச் சப்பாத்தைக் கழற்றிவிட்டு, மடித்த காகிதத்திலிருந்து திருநீற்றை எடுத்து நெற்றியில் மூன்று குறியாகப் பூசினார். விரலில் மிஞ்சியதை நிலத்தில் உதறக் கூடாது. மிதிபடும் இடத்தில் நீறு விழக்கூடாது என்பது அவர் தாயார் பழக்கியது. பக்கத்தில் நின்ற பீச் மரத்தின் வழுவழுப்பான பட்டையில், மூன்று விரலையும் சேர்த்து மேலிருந்து கீழே இழுத்துத் துடைத்தார். ஐந்தெழுத்தைச் சொல்லிக் கண்ணை மூடினார்.

கண் திறந்தபோது, பனியீரம் காய்ந்த மரப்பட்டையில் நீறு வெளுத்து நின்றது. உள்ளங்கை உயரம். அந்த மரம் நின்றதோ நேரே பள்ளத்துக்கு இறங்கும் பழைய வழியில். உண்மையான பாதை இடப்பக்கம் திரும்பியது. அங்கே நின்ற மரத்தின் இரட்டை வெள்ளைப் பட்டையைப் பாசி பாதி மூடியிருந்தது.

அழித்துவிடவேண்டும் என்று கையைத் தூக்கினார். அப்போது பின்னால் தங்கத்துரையின் குரல் கேட்டது.

"கனடா வந்த புதிசிலை பார்க்டேலிலை ஒரு அறை. எனக்கும் நவத்துக்கும் ஒரே ஒரு விண்ரர் ஜக்கற். நான் இரவு வேலை, உவன் பகல் வேலை. காலமை நான் வந்து கழட்டிக் குடுத்தால்தான் உவன் வெளிக்கிடலாம். உள்ளுக்கை என்ரை சூடு அப்பிடியே இருக்குமாம்…"

நவரட்ணத்தின் கை அந்தரத்தில் நின்றது. அந்த ஜக்கற்றைப் பற்றி அவர் தன் மனைவிக்குக்கூடச் சொன்னதில்லை. சொன்னால் பகிடியாகிவிடும் என்று பொத்திவைத்திருந்தார். தங்கத்துரை அதை ஒரு வழித்துணைக் கதையாக, வாடா தின்ற வாயால் சொல்லிக்கொண்டு வருகிறார்.

கொஞ்சம் அலையட்டும், என்று அவருக்குள் ஒரு குரல் சொன்னது. கையை இறக்கினார். சப்பாத்தை மாட்டிக்கொண்டு இடப்பக்கமாகத் திரும்பி வேகமாக நடந்தார்.

அதன்பிறகு அவர் நடந்த தூரமெல்லாம் நடையில்லை, ஓட்டம். நாலு வருஷத்தில் முதல் தடவையாக அவர் காட்டைப் பார்க்கவில்லை. தன் கார் நின்ற இடத்துக்கு வந்து, கதவைத் திறந்து உள்ளே இருந்தார். பட்டை ஒன்றையும் காணாமல் திரும்பி வருவார்கள். வழி மாறிய வெட்கத்தோடு வருவார்கள். என்ன சொல்லிச் சிரிக்கலாம் என்றுகூட ஒத்திகை பார்த்தார். வெயில் காரின் ஒரு கண்ணாடியிலிருந்து மற்றக் கண்ணாடிக்கு வந்தது. அவர்கள் வரவில்லை. போனில் சிக்னல் இல்லை. தண்ணீர்ப் போத்தலுக்காகப் பைக்குள் கையை விட்டபோது, விரலில் முதலில் பட்டது நீலத் துணிப்பை.

பையைத் தூக்கித் தோளில் போட்டார்.

வந்த வழியே திரும்பி ஓடினார். அறுபத்தொரு வயது உடம்பு ஏற்றத்தில் இளைத்தது. "பிள்ளையாரப்பா, அவனுக்கு ஒண்டும் வரக்கூடாது. என்னை என்ன வேணுமெண்டாலும் செய்," என்று வாய் தன்பாட்டில் சொல்லிக்கொண்டிருந்தது. அழிக்காமல் விட்ட கை இது என்று நினைத்தபோது அந்த வேண்டுதல் வெட்கமாக இருந்தது. ஆனாலும் நிறுத்தமுடியவில்லை.

பீச் மரத்தடியில் அவர்கள் இருந்தார்கள். தங்கத்துரை ஒரு விழுந்த மரத்தின் மேல் குனிந்திருந்தார். அவர் மேல் ஜாபரின் ஜக்கற். ஜாபர் வெறும் ரீசேட்டோடு, கைகளை இறுகக் கட்டிக்கொண்டு பக்கத்தில் நின்றார். சப்பாத்திலிருந்து முழங்கால்வரை சேறு.

"பயப்படாதீங்கண்ணே, இப்ப நல்லா இருக்கார்," என்றார் ஜாபர். "கீழ சதுப்புல மாட்டிக்கிட்டோம். ஏறி வர்றப்ப அண்ணனுக்கு நடுக்கம் வந்துருச்சு. நல்லவேளை, என்கிட்ட பேரீச்சம்பழம் கெடந்துச்சு. தப்பு என்னோடதுதான். இந்த மரத்துல ஒரு வெள்ளையைப் பார்த்துட்டு, நேராத்தான்னு நான்தான் அடிச்சுச் சொன்னேன்."

நவரட்ணம் நீலப்பையை அவிழ்த்து யூஸ் பெட்டியைத் தங்கத்துரையிடம் நீட்டினார். தங்கத்துரை நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்க்கவில்லை. நெற்றியைப் பார்த்தார். பிறகு மரத்தைப் பார்த்தார். பெயின்ற் பட்டைக்கு விளிம்பு இருக்கும். அந்த வெள்ளையில் மூன்று விரல்களின் இடைவெளி தெரிந்தது. நாலு வருஷமாக ஒவ்வொரு சனிக்கிழமையும் அந்த விரல்கள் மரங்களில் நீறு துடைப்பதைப் பார்த்தவர் அவர்.

"தம்பி, உது பெயின்ற் இல்லை," என்றார் நவரட்ணம். "நான் பூசின திருநீறு."

ஜாபர் கிட்டப் போய்ப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "அட, சாமி கும்பிட்டீங்களா? அதுக்கென்னண்ணே. தெரியாமத்தானே."

அந்த இரக்கத்தோடு அது முடிந்திருக்கலாம். தப்பிப்போக ஜாபர் ஒரு கதவைத் திறந்துவிட்டது போல இருந்தது. நுழைந்து போய்விடவேண்டியதுதான் பாக்கி. தங்கத்துரை யூஸ் குழாயை வாயில் வைத்தபடி, உறிஞ்சாமல் இருந்தார்.

"தெரிஞ்சுதான்," என்றார் நவரட்ணம், தங்கத்துரையைப் பார்த்து. "பூசேக்கை தெரியாது. பிறகு பார்த்தனான். அழிக்கப் போனனான். நீ ஜக்கற் கதை சொல்லிக்கொண்டு வந்தாய். அழிக்கேல்லை."

ஜாபர் முகத்தைத் திருப்பிக்கொண்டு, பக்கத்தில் கிடந்த ஒரு காய்ந்த கொப்பை இழுக்கத் தொடங்கினார். பிழையான வழிக்குக் குறுக்கே கொப்புப் போட்டுவைப்பது நடக்கிறவர்களின் வழக்கம், பின்னால் வருகிறவன் ஏமாறாமல் இருக்க. கொப்பு பாரமாக இருந்தது. நவரட்ணம் போய் மறுமுனையைப் பிடித்தார். இருவரும் தூக்கிப் பள்ளத்து வழிக்குக் குறுக்கே போட்டார்கள். ஜாபரின் கை குளிரில் சிவந்திருந்தது. நவரட்ணம் தன் ஜக்கற்றைக் கழற்றி நீட்டினார். ஜாபர் மறுக்கவில்லை; வாங்கிப் போட்டுக்கொண்டார்.

"சூடா இருக்குண்ணே," என்றார் மெல்ல.

தங்கத்துரை எழுந்தார். நீலத் துணிப்பையை நவரட்ணத்தின் கையிலிருந்து எடுத்துத் தன் தோளில் மாட்டிக்கொண்டார். இடப்பக்கம் திரும்பி, நடைக்குக் கொண்டுவந்த ஊன்றுகோலை ஊன்றி, தனியே நடக்கத் தொடங்கினார்.

நவரட்ணம் போத்தல் தண்ணீரை மரத்தில் ஊற்றி, கைலேஞ்சித் துணியால் தேய்த்தார். நீறு உடனே மறைந்தது. மரப்பட்டை கறுத்துப் பளபளத்தது. ஜாபர் சில அடி தள்ளி அவருக்காக நின்றார்.

"வாங்கண்ணே."

புறப்பட்டவர் ஒருதரம் திரும்பிப் பார்த்தார். காற்றில் ஈரம் காய்ந்துகொண்டிருந்தது. பட்டையின் மடிப்புகளுக்குள்ளிருந்து, மெல்லியதாக, மூன்று வெள்ளைக் கோடுகள் திரும்பவும் எழுந்து வந்தன. முன்னால், பாசி மூடிய இரட்டைப் பட்டையின் கீழ், அதற்கப்பால் போகாமல் தங்கத்துரை நின்றிருந்தார். திரும்பவில்லை. முதுகைக் காட்டிக்கொண்டு, ஊன்றுகோலில் பாரத்தைப் போட்டு நின்றிருந்தார். தோளில் நீலப்பை மெல்ல ஆடிக்கொண்டிருந்தது.